களுவாஞ்சிக்குடியில் சின்ன பேக்கரிக்கு எனர்ஜி ஒடிட்: யாரிடம் செய்விப்பது, என்ன கேட்பது?

போறணைவீடு | களுவாஞ்சிக்குடி

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

எங்கட பேக்கரி அப்பா காலத்தில இருந்து நடக்குது. பாண், பணிஸ் எல்லாம் விறகுப் போறணையில. கேக்குக்கு மட்டும் கரண்ட் ஓவன். மாப் பிசையிற மெஷின் த்ரீ ஃபேஸ். முன்பக்கக் கடையில ரெண்டு டீப் ஃப்ரீசர், ஒரு கண்ணாடிக் கூலர். ஐசிங் அறைக்கு ஒரு ஏ.சி. கடைக்கும் வேலை செய்யிற இடத்துக்கும் சேர்த்துப் பத்து ஃபேன். 2022 ஓகஸ்ட்டிலயும் 2023 பெப்ரவரியிலயும் கட்டணம் ஏறினதுக்குப் பிறகு எங்கட பில் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்ல. இடையில குறைச்சாங்க, திரும்பக் கூட்டினாங்க. பாண் விலைய நாங்க அப்பிடி ஏத்தி இறக்க ஏலாது.

இப்ப ஒரு சோலார் கம்பனி ஆள் வந்து பில்லைப் பார்த்திட்டு 20 கிலோவாட் போடச் சொல்றார். கடனும் தானே ஒழுங்கு செய்து தாறாராம். மட்டக்களப்பில இருக்கிற சிநேகிதர் ஒருவர், "முதல்ல எனர்ஜி ஒடிட் செய், பிறகு சோலாரைப் பற்றி யோசி" என்கிறார். ஒடிட்டில என்ன செய்வாங்க? எங்கள மாதிரி சின்ன இடத்துக்கு வருவாங்களா? செய்தவங்க சொல்லுங்க.


கடைத்தெரு | கல்முனை

தம்பி, ஒடிட் எல்லாம் பெரிய ஃபெக்டரிக்கும் ஹோட்டலுக்கும்தான். எனக்குத் தெரிஞ்ச இடமொன்றில செய்தாங்க. கொழும்பில இருந்து வந்து போனதுக்கே ஒரு தொகை, பிறகு ஆங்கிலத்தில தடிச்ச ரிப்போர்ட். முதலாளிக்கு விளங்கல்ல, வேலையாக்களுக்குக் காட்டல்ல. அது அலுமாரியிலதான் இருக்கு. அந்தக் காசுக்கு நல்ல ஃப்ரீசர் ஒன்று வாங்கலாம். சோலார் போட்டா மாசாமாசம் பில்லில குறையிறதக் கண்ணால பார்க்கலாம்.


அளவுகாரன் | மட்டக்களப்பு

நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன். கடைத்தெரு அண்ணன் சொல்லும் அலுமாரி ரிப்போர்ட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீர்வு, சின்ன இடத்துக்குச் சின்ன அளவில், தமிழில் செய்விப்பது.

ஒடிட் என்றால் கரண்டும் எரிபொருளும் எங்கே எவ்வளவு போகிறது, எங்கே வீணாகிறது என்று பார்ப்பது. அது ஒரே மாதிரியான வேலை என்று நினைக்க வேண்டாம். முதல் படி, நடந்து பார்க்கும் ஒடிட். அரை நாளில் முடியும். கடைசி பன்னிரண்டு மாதப் பில்களைப் பார்ப்பார்கள், ஒவ்வொரு மெஷினின் தகட்டிலும் உள்ள வாட்டைக் குறித்து, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று கேட்பார்கள், கண்ணில் படும் வீணைச் சொல்வார்கள். அடுத்த படிதான் விரிவான ஒடிட். பிரதான சுவிட்ச் போட்டில் அளவீட்டுக் கருவியை மாட்டி ஒரு கிழமை விடுவார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது, மூன்று ஃபேஸிலும் பாரம் சமமா, வோல்டேஜ் விழுகிறதா என்பதெல்லாம் அதில் பதிவாகும். தகட்டில் எழுதியிருப்பது வேறு, மெஷின் உண்மையில் இழுப்பது வேறு. மாப் பிசையும் மோட்டர் பல வேளை தகட்டு அளவை விடக் குறைவாகத்தான் எடுக்கும். கம்பிரசர் பழுதான ஃப்ரீசரோ நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடும்.

உங்களைப் போன்ற பேக்கரிக்கு முதல் படி போதும், அதோடு சந்தேகமான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அளவீடு.

சோலார் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் பெனல் மாதத்துக்கு ஏறத்தாழ 120 யூனிட் தரும். உங்கள் பத்து ஃபேனும் பழைய வகை என்றால் ஒவ்வொன்றும் 75 வாட் அளவில் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டர்) ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் பத்து ஃபேனிலும் மாதத்துக்கு 162 யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட்டை விடக் கூடிய அளவு பெனல் அதிலேயே மிச்சமாகிறது. இப்படி நாலு விஷயத்தைச் சரிசெய்த பிறகு வரும் பில்லை வைத்துத்தான் எத்தனை கிலோவாட் என்று தீர்மானிக்க வேண்டும். வீணுக்கும் சேர்த்துச் சோலார் போட்டால், அந்த வீணுக்கும் சேர்த்துக் கடன் கட்டுவீர்கள்.

சோலார் விற்பவர் "ஒடிட் ஃப்ரீ" என்றால் அதை விலைக்கூறலாக மட்டும் எடுங்கள். பெனல் விற்பவர் வாயிலிருந்து "உங்களுக்குப் பெனல் குறைவாகப் போதும்" என்ற வார்த்தை வருவது கஷ்டம்.


வட்டைக்காற்று | சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட நெல்லு மில்லுக்கு ஒடிட் செய்தோம், அதைச் சொல்றன். பேக்கரித் தம்பிக்கு எல்லாம் பொருந்தாது, ஆனா இங்க மில், ஐஸ் ஃபெக்டரி, வேர்க்‌ஷொப் நடத்துற ஆக்கள் வாசிப்பாங்க.

எங்கட இணைப்பு 42 கே.வி.ஏ.க்கு மேல (கே.வி.ஏ. என்றது லைன்ல இருந்து இழுக்கிற மொத்தப் பாரத்தின்ட அளவு), ஐ-2 என்ற கைத்தொழில் கட்டண வகை. இந்த வகையில யூனிட்டுக்கு மட்டும் காசில்ல. அந்த மாசத்தில ஆகக் கூட எடுத்த கே.வி.ஏ.க்கும் தனியாக் காசு. அந்த உச்சத்தப் பதினைந்து நிமிஷச் சராசரியாத்தான் மீட்டர் எடுக்குது. மோட்டர் ஸ்டார்ட் ஆகிற கணத்தில ஊசி துள்ளுறதுக்காகப் பயப்படத் தேவையில்ல. அவிக்கிற பக்கத்து ப்ளோவர், எலிவேட்டர், ஹலர், பொலிஷர் எல்லாம் ஒரே கால் மணித்தியாலத்தில சேர்ந்து ஓடுறதுதான் செலவு.

வந்த பொறியியலாளர் கருவி மாட்டிப் பார்த்ததில பவர் ஃபக்டர் (இழுக்கிற கே.வி.ஏ.யில உண்மையா வேலைக்குப் போற பங்கு) 0.72. நாங்க உண்மையில பாவிச்சது 36 கிலோவாட், மீட்டர் காட்டினது 50 கே.வி.ஏ. கப்பாசிட்டர் பேங்க் (அந்தப் பங்கக் கூட்டுற பெட்டி) போட்டு 0.95க்குக் கொண்டு வந்தா அதே வேலைக்கு 38 கே.வி.ஏ. போதும் என்று கணக்குப் போட்டுத் தந்தார். போட்டம். அடுத்த பில்லிலயே அந்தக் கே.வி.ஏ. கட்டணம் குறைஞ்சிது. மோட்டர்கள் மில்லுக்குத் தேவையானதை விடப் பெரிசு, அதில ரெண்டு திரும்பத் திரும்ப வைண்டிங் செய்தது. பவர் ஃபக்டர் விழுந்ததுக்குக் காரணம் அதுதான். ஒரேயடியா மாத்தல்ல. அடுத்த முறை எரிஞ்சா வைண்டிங்குக்குக் குடுக்காம, சரியான அளவில புதுசு வாங்குறதென்று முடிவு.

இரண்டாவது, நேரம். ஐ-2க்குப் பின்னேரம் 6.30 தொடக்கம் இரவு 10.30 வரைக்கும் யூனிட் ஆக விலை. இரவு 10.30 தொடக்கம் விடிய 5.30 வரைக்கும் ஆக மலிவு. பொலிஷர் ஓட்டத்த அந்த நாலு மணித்தியாலத்தில இருந்து எடுத்திட்டம். வேலையாக்களோட பேசி ஷிஃப்ட் மாத்துறதுதான் கஷ்டமா இருந்திச்சு, மெஷின் பக்கம் ஒரு செலவும் இல்ல.

மூன்றாவதுதான் எனக்குப் புதுசு. அந்த மனிசன் கரண்ட்டோட நிக்கல்ல, உமி அடுப்பு வரைக்கும் வந்தார். நெல்லின்ட நிறையில ஏறத்தாழ அஞ்சில ஒரு பங்கு உமி. எங்கட உமியே எங்களுக்கு அவிக்கக் காணாம வெளியில வாங்கிக்கொண்டிருந்தம். அவர் சாம்பலக் கையில அள்ளிப் பார்த்தார். கறுப்பு. கறுப்பாக இருந்தா உள்ளுக்குக் கரி எரியாம மிச்சமிருக்கு என்று சொன்னார். நல்லா எரிஞ்ச உமிச் சாம்பல் வெளிர் சாம்பல் நிறமா இருக்கணும். காத்து போற வழியத் திருத்தி, நீராவிக் குழாய்க்கு உறை போட்டம். இப்ப உமி வெளியில வாங்குறது நல்லாக் குறைஞ்சிட்டு.

ஒன்ட மறக்காதீங்க: எந்தக் காலத்தில ஒடிட் செய்யிற என்றது முக்கியம். பெரும்போக அறுவடை முடிஞ்சு மில் நிரம்பி ஓடுற நேரம் செய்யணும். மில் சும்மா கிடக்கிற மாசத்தில வந்து அளந்தா ஒன்டும் தெரியாது.


போறணைவீடு | களுவாஞ்சிக்குடி

காக்கா, ஜஸாகல்லாஹ். கப்பாசிட்டர் விஷயம் கேட்கணும். இங்க கடைகளுக்குப் "பவர் சேவர்" என்று ஒரு பெட்டி கொண்டு வாறாங்க. ப்ளக்கில செருகினா பில் 30 வீதம் குறையுமாம். அதுவும் கப்பாசிட்டர் என்றுதான் சொல்றாங்க. வாங்கலாமா?


அளவுகாரன் | மட்டக்களப்பு

வாங்க வேண்டாம் தம்பி. மில்லுக்குக் கப்பாசிட்டர் காசை மிச்சம் பிடித்தது, அந்தப் பில்லில் கே.வி.ஏ.க்குத் தனிக் கட்டணம் இருப்பதால். உங்கள் பில்லில் அந்தக் கட்டணமே இல்லை. 42 கே.வி.ஏ.க்கு உட்பட்ட இணைப்புக்கு யூனிட் கட்டணமும் நிலையான மாதக் கட்டணமும்தான். யூனிட்டை அந்தப் பெட்டி குறைக்காது. அதற்குள் இருக்கும் சிவப்பு லைட்டும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கடைகளில் இதை விற்றுக்கொண்டு திரிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. கஷ்டப்பட்டு உழைத்த காசு.

அதை விட, உங்கள் பில்லில் கட்டண வகை என்று ஒரு எழுத்து இருக்கும், அதைப் பாருங்கள். ஜி.பி-1 என்றிருந்தால் அது கடை, அலுவலகம் போன்ற பொதுப் பாவனை. ஐ-1 என்றால் கைத்தொழில். கைத்தொழில் கட்டணம் குறைவு. மோட்டர் பாவித்துப் பொருள் உற்பத்தி செய்யும் இடம் கைத்தொழில் வகைக்குக் கேட்கலாம். உங்கள் இடத்தில் உற்பத்தியும் கடையும் ஒரே மீட்டரில் இருப்பதால், எது பெரும்பான்மை என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் நேரில் போய்ப் பேச வேண்டும். வியாபாரப் பதிவு, மெஷின் விபரம் இரண்டையும் கொண்டு போங்கள். ஒடிட் செய்பவர் முதல் மணித்தியாலத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான். இதைப் பார்க்காதவரை நான் ஒடிட்டர் என்று சொல்ல மாட்டேன்.


வயர்மன் | வாழைச்சேனை

மனே, நான் நாப்பது வருஷமா வயரிங் வேலை. படிச்ச ஆக்கள் சொன்னது சரி. நான் சொல்றது காசில்லாம நீயே செய்யக்கூடியது.

கடை பூட்டி, போறணையும் மூட்டாத ஒரு நாள் வருமே, பெருநாளோ பொங்கலோ, அண்டைக்குக் காலையில மீட்டரப் படம் எடு. அடுத்த நாள் அதே நேரம் இன்னொரு படம் எடு. ரெண்டுக்கும் இடையில ஓடின யூனிட்டுத்தான் நீ ஒரு வேலையும் செய்யாம குடுக்கிற காசு. ஃப்ரீசர் ஓடியிருக்கும், அது இருக்கட்டும். அதுக்கு மேலயும் ஓடியிருந்தா எங்கயோ ஒன்டு இழுக்குது.

பிறகு எல்லா ப்ரேக்கரையும் இறக்கிப் போட்டு மீட்டரப் பார். மீட்டர் லைட் இன்னும் துடிச்சா ப்ரேக்கருக்கு முன்னால எங்கயோ கரண்ட் இழுபடுது. அதோட விளையாடாத, ஆளக் கூப்பிடு. போட்டில கைய வைக்கக் கூடாது. எங்கட பக்கம் உப்புக் காத்து. டெர்மினல் பச்சை பிடிச்சு இளகி, அந்த இடம் சூடாகும். சூடானா யூனிட்டும் போகும், ஒரு நாளைக்கு நெருப்பும் பிடிக்கும்.

ஃப்ரீசர் கதவு ரப்பருக்கு ஒரு கடுதாசி வைச்சு மூடி இழுத்துப் பார். லேசா வந்தா ரப்பர் போச்சு. ரப்பர் மட்டும் மாத்தலாம், ஃப்ரீசர் மாத்தத் தேவையில்ல. பின்னுக்கு இருக்கிற கொயில்ல மாத்தூசி அப்பியிருக்கும், பேக்கரி எல்லாத்திலயும் பார்த்திருக்கிறன். மாசத்துக்கு ஒருக்கா மென்மையான ப்ரஷ்ஷால துடை.


அறுகம்கரை | பொத்துவில்

நாங்கள் சின்ன விருந்தினர் விடுதி. எங்கள் ஒடிட்டில் ஆகப் பெரிய விஷயம், ஏ.சி. அறைகளில் ஆள் வெளியே போன பிறகும் ஓடிக்கொண்டிருப்பது. சாவி அட்டை செருகினால் மட்டும் கரண்ட் வரும் ஸ்விட்ச் போட்டோம். குளிக்கும் வெந்நீருக்கு இருந்த உடனடி ஹீட்டர் ஒவ்வொன்றும் 3.5 கிலோவாட். எல்லாரும் அலைச்சறுக்கு முடித்து வந்து ஒரே நேரத்தில் குளிப்பார்கள். கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தோம்.

உப்புக் காற்றைப் பற்றி வயர்மன் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. வெளியே இருக்கும் ஏ.சி. யூனிட்டையும் அது தின்கிறது. நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுகிறோம். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்த விடுதிகளுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது என்பதையும் இங்குள்ளவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். இங்கே நிறையப் பேர் பதிவில்லாமல் ஜி.பி.யிலேயே கட்டுகிறார்கள்.


கடைத்தெரு | கல்முனை

சரி, இவ்வளவும் வாசிச்ச பிறகு ஒன்று ஒத்துக்கொள்றன். அலுமாரி ரிப்போர்ட்டுக்கும் நீங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா ரெண்டு கேள்விக்கு ஆரும் பதில் சொல்லல்ல.

ஒன்று, என்ட கடை வாடகைக் கட்டடம். கூரை தகரம், மத்தியானம் கச்சான் காத்து அடிக்கிற காலத்தில உள்ளுக்கு நிக்க ஏலாது, ஏ.சி. முழு நாளும் ஓடும். கூரைக்குக் கீழ உறை போடச் சொல்லி ஒடிட்டர் எழுதித் தருவார். கட்டட முதலாளி போட மாட்டார். நான் போட்டா அடுத்த வருஷம் வாடகையக் கூட்டுவார். ரெண்டு, செலவு. எவ்வளவு என்று ஒருத்தரும் வாயத் திறக்கல்லயே.


அளவுகாரன் | மட்டக்களப்பு

அண்ணன், நியாயமான கேள்விகள்.

வாடகைக் கட்டடத்துக்கு, பரிந்துரைகளை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்: நீங்கள் கழற்றிக்கொண்டு போகக்கூடியவை ஒரு பட்டியல், கட்டடத்தோடு போகிறவை இன்னொன்று. ஃபேன், லைட், ஃப்ரீசர், ஏ.சி. எல்லாம் உங்களோடு வரும். கூரை உறை கட்டடத்தோடு. அந்த இரண்டாவது பட்டியலைக் குத்தகை புதுப்பிக்கும் நேரம் முதலாளிக்கு முன் வையுங்கள். எத்தனை வருஷக் குத்தகை, யார் எவ்வளவு போடுவது என்பதைச் சேர்த்து எழுதலாம். அதற்கிடையில் தகரத்துக்கு மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பது செலவு குறைந்த வழி. ஏ.சி.யை 18இல் வைக்காமல் 25இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஏ.சி.யின் மின்சாரம் 3 தொடக்கம் 5 வீதம் வரை குறையும் என்பது நாங்கள் பாவிக்கும் கணக்கு.

செலவு பற்றி: நிலையான விலை கிடையாது, அதனால் தொகை சொல்லவில்லை. அளக்கும் நாட்கள், கருவி, போக்குவரத்து இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. விலைக்கூறலை அந்த மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கொழும்பில் இருந்து வருகிறவர் என்றால் போக்குவரத்தே பெரும் பங்கு. ஒரே தெருவில் நாலு கடை சேர்ந்து கூப்பிட்டால் அது நாலாகப் பிரியும்.

யாரிடம் கேட்பது: 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு (எனர்ஜி) அதிகாரசபைதான் இதற்குப் பொறுப்பான நிறுவனம். அங்கீகாரம் பெற்ற ஒடிட்டர்கள், பதிவு செய்த வலுச் சேவை நிறுவனங்கள் யார் என்று அங்கே கேட்டுப் பெறுங்கள். தேசிய தூய உற்பத்தி நிலையமும் கைத்தொழில்களுக்கு இந்த வேலையைச் செய்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்கள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தையும் ஒருமுறை அணுகிப் பாருங்கள். ஊருக்குள் கருவியும் படித்த ஆளும் இருக்கும் இடம் அது.

வேலையை ஒப்படைக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை என்று நான் நினைப்பது: அளந்த எண்கள் முழுதும் உங்களுக்குச் சொந்தம், ரிப்போர்ட்டோடு அந்தக் கோப்பும் தரவேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் செலவு, மாத மிச்சம், எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்ற கணக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இரண்டு பக்கம். ஒடிட்டர் எந்தப் பொருளையும் விற்பவராகவோ கமிஷன் எடுப்பவராகவோ இருக்கக் கூடாது.

போறணைத் தம்பி, உங்கள் விறகைக் கட்டாயம் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பாண் பேக்கரியில் சூட்டின் பெரும் பகுதி விறகில் இருந்துதான் வருகிறது. பாதி நிறை ஈரமாக உள்ள பச்சை விறகு கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவில்தான் தரும். காய்ந்து ஈரம் 20 வீதத்துக்கு வந்த விறகு 14, 15 தரும். லொறிக்குக் கொடுக்கும் காசில் பாதி தண்ணீருக்குப் போகிறது. நம் பக்கம் மாரியில் விறகு வெளியே கிடந்தால் இன்னும் மோசம். கரண்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் ஒடிட் உங்களுக்கு அரை ஒடிட்.


போறணைவீடு | களுவாஞ்சிக்குடி

எல்லாருக்கும் பெரிய நன்றி. செய்ததச் சொல்றன்.

வயர்மன் ஐயா சொன்ன மாதிரி கடை பூட்டின நாளில மீட்டர் பார்த்தம். 24 மணித்தியாலத்தில 14 யூனிட் ஓடியிருக்கு. ப்ளக்கில செருகிற அளவு மீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு ஃப்ரீசரையும் தனித்தனியாப் பார்த்ததில, ஒன்று நாளைக்கு 2.1 யூனிட், மற்றது 4.7. ரெண்டும் ஒரே அளவு ஃப்ரீசர். கூட எடுக்கிறது போறணைச் சுவரோட ஒட்டி நிக்குது, ரப்பரும் கிழிஞ்சிருக்கு. மற்றதோட பார்த்தா இந்த ஒன்றில மட்டும் மாசத்துக்கு 78 யூனிட் கூடுதலாப் போகுது. அளவுகாரன் அண்ணன் சொன்ன ஃபேன் கணக்கோட சேர்த்தா 240. ரெண்டு கிலோவாட் சோலாருக்குச் சமன். ஃப்ரீசர மற்றப் பக்கத்துக்கு மாத்தியாச்சு, ரப்பர் சொல்லியிருக்கு.

பில்லில ஜி.பி-1 என்றுதான் இருக்கு. வகை மாத்துறதுக்குப் பத்திரங்களச் சேர்த்துக்கொண்டிருக்கிறன். சோலார் ஆளுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிட்டன். கோபம்தான், சலுகை முடிஞ்சிரும் என்கிறார்.

பக்கத்து ஐஸ்கிறீம் கடையும், கோழிக் கடை வைச்சிருக்கிற அண்ணனும், தையல் மெஷின் போட்டிருக்கிற அக்காவும் சேர்ந்து ஒடிட்டுக்கு விலைக்கூறல் கேட்கச் சம்மதம். கேள்வி ஒன்றுதான் மிச்சம்: இப்ப கூப்பிடவா, மாரி முடியட்டுமா?


அளவுகாரன் | மட்டக்களப்பு

நடந்து பார்க்கும் வேலையை இப்போதே செய்யுங்கள். விறகு ஈரத்தை மாரியிலேயே அளந்தால்தான் விறகுக்குக் கொட்டில் போடும் செலவுக்கு நியாயம் தெரியும். குளிர்ப்பெட்டி, ஏ.சி. அளவீட்டை வெயில் காலத்துக்கு வையுங்கள், கோழிக் கடைக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் அப்போதுதான் உண்மையான எண் வரும். ஒரே ஆளிடம் இரண்டு தடவை வருவதாகவே விலை கேளுங்கள்.


வயர்மன் | வாழைச்சேனை

மனே, அதுக்கு முன்னம் நாலு கடை போட்டையும் திறந்து டெர்மினல் இறுக்க வேணும். களுவாஞ்சிக்குடிக்கு வாற கிழமை ஒரு வேலையா வாறன், வெள்ளிக்கிழமை பின்னேரம். போறணை மூட்ட முன்னம் வந்திடுவன், மெயின் ஸ்விட்ச் இறக்க ஆயத்தமா இரு.


போறணைவீடு | களுவாஞ்சிக்குடி

வாங்க ஐயா. வெள்ளி நாலு மணிக்குள்ள மாப் பிசையிறத முடிச்சு வைக்கிறம். கோழிக் கடை அண்ணனுக்கும் சொல்லிட்டன், தன்ட ஃப்ரீசரை முதல்ல பார்க்கட்டாம்.